கஃபர்லோஸ் ஊரடுப்பும் பாப்பரசரின் முத்திரையும்

ஐலூல் 1, ஆண்டவர் ஆண்டு 1236
கஃபர்லோஸ்

இன்று இந்த மலைநாட்டுக் கிறிஸ்தவர்களான எங்களுக்குப் புத்தாண்டு. பரங்கிகளுக்கு இது வெறும் செப்டம்பர் முதல் தேதி.

நான் துபாஷி. தீரு பட்டணத்து நீதிமன்றத்தில் பரங்கிகள் சொல்வதை அரபியிலும், எங்கள் சனங்கள் சொல்வதை இலத்தீனிலும் மாற்றிக் கொடுப்பது என் வேலை. நாள் முழுவதும் அடுத்தவன் பேச்சையே பேசுகிறேன். அங்கே நான் ஒரு சொல்லைக்கூட சேர்ப்பதில்லை, விடுவதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆனால் என் பேச்சைக் கொட்டி வைக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் காகிதங்கள். இதிலும் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன்.

நீதிமன்றத்துக்கு விடுமுறை என்று ஊருக்கு வந்திருக்கிறேன். என் அக்கா தக்லா ஊரடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் கணவன் பார்த்தான். அவன் இறந்த பிறகு இவள். ஊரில் யாரும் வீட்டில் ரொட்டி அடுப்பு கட்டக்கூடாது. கட்டினால் இடித்துவிடுவார்கள். எல்லோரும் மாவைப் பிசைந்து தட்டில் வைத்துத் தலையில் சுமந்து இங்கேதான் வர வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் அடுப்பின் சொந்தக்காரருக்கு ஒரு ரொட்டி.

சொந்தக்காரர் யார் என்பதில்தான் வழக்கு. பழைய பரங்கிப் பிரபு சாகும்போது அடுப்பை மட்டும் புனித ஃபோக்காஸ் ஆலயத்துக்கு எழுதி வைத்தான். அவன் மகன் சாகும்போது ஊர் முழுவதையும் புனித எரஸ்மு மடத்துக்கு எழுதி வைத்தான். அடுப்பு ஊருக்குள்தானே இருக்கிறது என்கிறது மடம். ஊரை எழுதும்போது அடுப்பு ஊரில் இல்லை, எங்களிடம் இருந்தது என்கிறது ஆலயம். சாகும்போது புண்ணியம் தேடுகிற எந்தப் பிரபுவும் தன் குதிரையைக் கொடுப்பதில்லை. எங்கள் அடுப்பைத்தான் கொடுக்கிறான்.

இப்போது அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு முக்காலியில் ஆலயத்தின் ரெனோ சாமி உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கம் ஒரு முக்காலியில் மடத்தின் சகோதரர் ஒத்தோ. வேலைக்காரர்களை இருவரும் நம்புவதில்லை. கதவு திறந்ததும் இரண்டு கைகள் நீளுகின்றன. ஒரு ரொட்டி கொடுத்த இடத்தில் ஊர் இப்போது இரண்டு கொடுக்கிறது.

ரெனோ சாமி இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடமாகிறது. அவர் கற்றுக்கொண்ட அரபிச் சொற்கள் மூன்று: ரொட்டி, கோழி, கொடு. ஒத்தோவுக்கு அதுவும் இல்லை. அவர் சுட்டிக் காட்டுவார்.

ஐலூல் 3

வழக்கை விசாரிக்கப் பாப்பரசர் நியமித்த நீதித் தூதர் தீருவுக்கு வந்துவிட்டாராம். பெயர் மாஸ்டர் உபெர்த்தோ. இத்தாலிக்காரர். சட்டம் படித்தவர். துபாஷியாக என்னையே அமர்த்தியிருக்கிறார்கள். இந்த மலைப்பக்கத்தில் இலத்தீனும் அரபியும் சேர்ந்து தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“சொந்த ஊரு வழக்கு. நமக்குச் சாதகமா நாலு வார்த்தை சேத்துச் சொல்லுப்பா,” என்றார் எங்கள் ஊர்த் தலைவர் ரயீஸ் அயூப்.

“சொன்னதைத்தான் சொல்லுவேன்,” என்றேன்.

“அப்ப உன்னப் படிக்க வெச்சதுக்கு ஒரு கழுதைய வாங்கியிருக்கலாம். அதுவாவது சுமக்கும்.”

இப்படிப்பட்ட தலைவர்கள் இருக்கும்வரை நாம் உருப்படப் போவதில்லை. பொய்யால்தான் இந்த நாடே நடக்கிறது. மேலே இருப்பவன் புனிதர் பெயரைச் சொல்லிப் பொய் சொல்கிறான், கீழே இருப்பவன் பயத்தில் பொய் சொல்கிறான். ஒருவனாவது நேராகப் பேச வேண்டாமா?

ஐலூல் 5

தூதரின் கட்டளை வந்தது. கோயில் முற்றத்தில் நானே வாசித்து அரபியில் சொன்னேன். தீர்ப்பு வரும்வரை அடுப்பு பாப்பரசரின் கையில் இருக்கும். நாளை முதல் அதில் யாரும் தீ மூட்டக்கூடாது. தூதர் நேரில் வந்து முத்திரையிடுவார். மீறுகிறவர் சபையிலிருந்து விலக்கப்படுவார்.

“அப்ப ரொட்டி எங்க சுடறது?” என்று கேட்டாள் தக்லா.

கட்டளையில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை. இல்லை என்று சொன்னேன்.

“எழுதினவரு சாப்பிட மாட்டாரா?”

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கட்டளை கொண்டுவந்தவன் அதற்குள் போய்விட்டான்.

ஐலூல் 7

தூதருக்கு வயிற்றுப்போக்கு. வரவில்லை. ஊரில் ரொட்டி இல்லை. பிசைந்த மாவு புளித்து, தட்டுகளைத் தாண்டி வழிகிறது.

ஐலூல் 8, மாதாவின் பிறந்தநாள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தூதர் மாலையில் வருவார் என்று செய்தி. தக்லா விடியலிலேயே அடுப்பில் தீ மூட்டிவிட்டாள். எனக்குத் தெரியாது. புகை வாசம் வந்தது உண்மைதான். பக்கத்தில் யாரோ சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

எங்கள் அடுப்பு பெரிய மண் குடம் கவிழ்த்தது மாதிரி இருக்கும். விறகை உள்ளேயே எரிக்க வேண்டும். சுவர் வெளுக்கச் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வாரி வெளியே கொட்டிவிட்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, ரொட்டிகளை வைத்து, பலகைக் கதவைச் சாத்தி, அது விழாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு தீ இல்லை. சுவரின் சூட்டிலேயே ரொட்டி வேகும். அடுத்த நாள்வரை அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. இது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். குழந்தை ஒரு தடவை கை வைத்திருக்கும்.

தக்லா ரொட்டிகளை உள்ளே வைத்துக் கல்லை முட்டுக் கொடுத்த அதே சமயம் ஊர்வலம் வந்துவிட்டது. பரங்கி அதிகாரி ஒருவர் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்தது இந்த நாட்டின் வரலாற்றிலேயே இது முதல் தடவையாக இருக்கும். கோவேறு கழுதை மேல் மாஸ்டர் உபெர்த்தோ, ஒல்லியாக, வெளுத்துப்போய். பின்னால் எழுத்தர், மெழுகுப் பெட்டி, காவலர்கள். வலப்பக்கம் ரெனோ சாமி, இடப்பக்கம் ஒத்தோ.

தக்லா கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் முகம் வியர்த்திருந்தது. அவள் முகம் எப்போதும் வியர்த்துத்தான் இருக்கும், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

“அடுப்பில் தீ இருக்கிறதா என்று கேள்,” என்றார் தூதர்.

கேட்டேன்.

“தீ எங்க இருக்கு? கண்ணு இருந்தா பாக்கச் சொல்லு,” என்றாள்.

“தீ எங்கே இருக்கிறது, கண் இருந்தால் பாருங்கள் என்கிறாள்,” என்று இலத்தீனில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தூதர் பார்த்தார். வெளியே குவித்திருந்த சாம்பலில் தண்ணீர் ஊற்றியிருந்தது. தீ இல்லை. எழுத்தர் அதைப் பதிவு செய்தார். தூதர் கையெழுத்திட்டார்.

பிறகு முத்திரை. கதவிலிருந்து சுவருக்கு ஒரு கயிறு. கதவில் ஒரு மெழுகு, சுவரில் ஒரு மெழுகு. அந்தக் கல் இடைஞ்சலாக இருக்கிறது, எடு என்றார் தூதர்.

“கல்ல எடுத்தா கதவு விழுந்துடும் சாமி,” என்றாள் தக்லா. சொன்னேன்.

“பாப்பரசரின் முத்திரை இருக்கும்போது கல் எதற்கு?”

இதையும் சொன்னேன். தக்லா என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவள் கல்லை எடுத்தாள்.

எழுத்தர் சாபப் பகுதியை வாசிக்க ஆரம்பித்தார். இலத்தீன் சாபங்கள் நீளமானவை. முத்திரையைத் தொடுகிறவன் நடக்கும்போதும் சபிக்கப்படுக, படுக்கும்போதும் சபிக்கப்படுக, உண்ணும்போதும், உண்ணாதபோதும். நான் ஒவ்வொன்றாக அரபியில் சொல்லிக்கொண்டு வந்தேன். சனங்கள் சாபத்தைக் கவனிக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வெந்த ரொட்டியின் வாசம் சந்து முழுக்கப் பரவியிருந்தது. சகோதரர் ஒத்தோவின் மூக்கு தன்னால் அடுப்புப் பக்கம் திரும்பியது.

“அவன் கைகள் சபிக்கப்படுக” என்ற இடத்தில் சுவரிலிருந்த மெழுகு பளபளத்தது. “அவன் கால்கள்” என்ற இடத்தில் வழிந்தது. கயிறு நழுவி, கதவு மெதுவாக, மரியாதையாக முன்பக்கம் சாய்ந்து தூதரின் காலடியில் விழுந்தது. உள்ளே வரிசையாக ரொட்டிகள், பொன்னிறத்தில்.

பிறகு ரெனோ சாமி முழங்காலில் விழுந்தார். “புனித ஃபோக்காஸ் தம்முடைய அடுப்பைத் திறந்துவிட்டார்,” என்றார். அவர் விழுந்ததைப் பார்த்த ஒத்தோ இன்னும் சத்தமாக விழுந்தார். “தீயில்லாமல் ரொட்டி. புனித எரஸ்மு.”

மாஸ்டர் உபெர்த்தோ விழவில்லை. அவர் அடுப்பருகே போய்ச் சுவரில் விரலை வைத்தார். உடனே கையை அங்கியின் கைக்குள் இழுத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. இந்த வரியை நாளை அடித்துவிட வேண்டும்.

ஐலூல் 9

ஊர் முழுக்க அற்புதம். அடுப்பைச் சுற்றிக் காவல். ரொட்டிகள் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போய்விட்டன. பதிவில் பன்னிரண்டு ரொட்டிகள் என்று எழுதியிருக்கிறது, அப்போஸ்தலர்களுக்குச் சமமாக. தக்லா வைத்தது அதைவிட நிறைய. மிச்சத்தைக் காவலர்கள் தின்றார்கள். அற்புதம் நன்றாக வெந்திருந்ததாம்.

அந்த மாவை யார் பிசைந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆலயம் அடுப்பின் மேல் ஒரு சிற்றாலயம் கட்டப் போகிறதாம். மடமும் கட்டப் போகிறதாம். ஆக, யார் ஜெயித்தாலும் அதில் இனி ரொட்டி சுட முடியாது. யாத்திரிகர்கள் வந்து தொட்டுக் கும்பிடுவார்கள்.

தூதர் விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறார். மைக்கறை என்றார். நான் கேட்கவே இல்லை.

அவருக்குத் தெரியும். ஆனால் தீ இல்லை என்று அவரே பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். சூடான அடுப்பின் மேல் மெழுகு வைத்தேன் என்று ரோமாபுரிக்கு எழுத முடியுமா? அவருக்கும் அற்புதம்தான் வசதி. தெரிந்தவன் பேசுவதில்லை, பேசுகிறவனுக்குத் தெரிவதில்லை. இந்த வெட்கங்கெட்ட கூத்தை ஒருவனாவது எழுந்து உடைக்க வேண்டும்.

ஐலூல் 10

தக்லாவோடு மாவுத் தட்டுகளைச் சுமந்துகொண்டு, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற முஸ்லிம் ஊருக்குப் போனேன். பாதி ஊர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர் அடுப்புக்காரர் ஹைதர் வாசலிலேயே நின்றார்.

“வாங்க வாங்க. உங்க அடுப்பு துறவறம் போயிடுச்சாமே.”

“சிரிங்க அண்ணே,” என்றாள் தக்லா. “உங்க அடுப்புக்கும் ஒருநாள் ஞானம் வரும்.”

“வராதும்மா. எங்க ஆளுங்க கல்ல எடுக்க மாட்டாங்க.” அவரும் ஒரு ரொட்டி எடுத்துக்கொண்டார். “புனிதர் பேரச் சொல்லாம எடுக்கறேன். அதுதான் வித்தியாசம்.”

சிலுவைத் திருநாள் பதினாலாம் தேதி. அன்று ஊர் முழுக்க ரொட்டி வேண்டும். திரும்பி வரும்போது பெண்கள் தக்லாவின் காதில் விழும்படி பேசினார்கள். இவள் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் அடுப்பு முத்திரையோடாவது இருந்திருக்கும், தீர்ப்புக்குப் பிறகு திறந்திருக்கும் என்று. அன்று விடியலில் மாவுத் தட்டைக் கொண்டுவந்து இவளிடம் கெஞ்சியவர்களே இவர்கள்தான்.

பள்ளத்தில் தக்லா தட்டை இறக்கி வைத்தாள்.

“நாளைக்கு அற்புதத்தப் பத்தி என்னை விசாரிக்கறாங்க இல்ல. நடந்ததச் சொல்லிடப் போறேன்.”

“எத?”

“தீ மூட்டினத. அப்ப அது அற்புதம் இல்ல, வெறும் அடுப்புன்னு ஆயிடும். கட்டப்போற சிற்றாலயம் எல்லாம் காத்துல போயிடும். ரொட்டி சுடலாம்.”

“உன்னச் சபையை விட்டுத் தள்ளிடுவாங்கக்கா. உன்கிட்ட யாரும் பேசக்கூடாது. உப்பு தரக்கூடாது. செத்தா மணி அடிக்க மாட்டாங்க. அடுப்பையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

“செத்த அப்புறம் மணிச் சத்தம் எனக்கெதுக்குடா. அடுப்பு அடுப்பா இருக்கணும். யாரு சுட்டா என்ன, ஊரு சாப்பிடட்டும்.”

“கொஞ்சம் யோசி.”

“உள்ளதச் சொல்லு, உள்ளதச் சொல்லுன்னு ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ற ஆளு நீ. இப்ப நான் சொல்றேன்னா முகம் ஏன் அப்படிப் போகுது?”

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. நேரமாகிவிட்டதால் சொல்லவில்லை.

ஐலூல் 11

விசாரணை, எங்கள் கோயிலுக்குள். ரயீஸ் அயூபும் ஊர்ப் பெரியவர்களும் ஒரு பக்கம். அவர்களுக்கு இலத்தீன் தெரியாது. ரெனோ சாமியும் ஒத்தோவும் தூதரும் எழுத்தரும் மறுபக்கம். அவர்களுக்கு அரபி தெரியாது. ரொட்டி, கோழி, கொடு தவிர.

நற்செய்தி நூலின் மேல் கை வைத்துத் தக்லா சத்தியம் செய்தாள். துபாஷி என்பதால் நானும் செய்தேன். அட்டை குளிர்ந்திருந்தது.

தக்லா பேசினாள். அவள் பேசியது இவ்வளவுதான்:

“மாதா பொறந்தநாள் காலைல நாந்தான் விறகு வெச்சு எரிச்சேன். ஊருல புள்ளைங்க பசியில இருந்துச்சுங்க. சாம்பல வாரிக் கொட்டிட்டு ரொட்டி வெச்சேன். அப்ப நீங்க வந்தீங்க. கல்ல எடுக்காதீங்கன்னு சொன்னேன். எடுக்கச் சொன்னீங்க. அடுப்பு சூடு, மெழுகு உருகிடுச்சு. இதுல எந்தச் சாமியும் ஒண்ணும் பண்ணல. என்ன பண்ணணுமோ என்னப் பண்ணுங்க, அடுப்ப விட்டுடுங்க.”

நிறுத்தினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மொழிபெயர்த்தேன்.

மொழிபெயர்ப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. அரபியில் சுருக்கமாகச் சொல்வதை இலத்தீனில் விரித்துத்தான் சொல்ல வேண்டும். அது இலத்தீனின் குணம்.

பாதியில் சகோதரர் ஒத்தோ சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் உபெர்த்தோ மட்டும் தலையைச் சாய்த்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் ஒரு தாளை முடித்து இன்னொரு தாளை எடுத்தார்.

“என்னடா, அந்தக் குண்டுச் சாமி ஏன் அழுவறாரு?” என்று தக்லா மெதுவாகக் கேட்டாள்.

“நீ பேசினது அவ்வளவு உருக்கமா இருந்துச்சு.”

“நான் விறகுன்னுதானே சொன்னேன்.”

ஐலூல் 12

எழுத ஒன்றுமில்லை. விறகு பிளந்தேன். தக்லா இன்றைக்கே மூட்டை கட்டி வைத்துவிட்டாள், தள்ளிவிட்டால் கிளம்ப வசதியாக. அதில் மாவு சலிக்கும் சல்லடையும் இருக்கிறது. எங்கே போய்ச் சலிப்பாள் என்று கேட்கவில்லை.

ஐலூல் 13

தீர்ப்பு. எழுத்தர் வாசித்தார். நான் வரிக்கு வரி அரபியில் சொன்னேன். இந்தத் தடவை எனக்கு வழியில்லை. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது, தாளும் அங்கேயே இருந்தது. முக்கியமான பகுதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

“கணவனை இழந்தவளும் நற்குணம் உடையவளுமான தக்லா என்பவள் சத்தியத்தின்பேரில் சொன்னதாவது: மாதாவின் பிறந்தநாளுக்கு முந்திய இரவு, வெண்தாடியுள்ள முதியவர் ஒருவர் கையில் திறவுகோல்களோடு அவள் கனவில் தோன்றினார். ‘இந்த அடுப்புக்காக ஏன் சண்டையிடுகிறார்கள்? இது என்னுடையது. என் ஆடுகள் பசியாயிருக்கின்றன. எழுந்து தீ மூட்டு. அவர்கள் கல்லை எடுக்கட்டும், நான் கதவைத் திறக்கிறேன்’ என்றார். அவள் பெயர் கேட்டபோது, ‘மீனவன்’ என்று சொல்லி மறைந்தார்.”

இந்த இடத்தில் கோயிலுக்குள் இருந்த எங்கள் சனங்கள் எல்லோரும் தக்லா பக்கம் திரும்பினார்கள். தக்லா என் பக்கம் திரும்பினாள்.

“நான் எப்படா கனவு கண்டேன்?”

“வாசிச்சு முடிக்கட்டும்க்கா.”

“வெண்தாடியா?”

“பேசாம இரு.”

எழுத்தர் தொடர்ந்தார். அந்த மீனவன் புனித பேதுருவே; தீ மூட்டப்பட்டது அவர் கட்டளையின்படி. ஆகவே அவள் குற்றமற்றவள். தூதர் பார்வையிட்டபோது தீ இருக்கவில்லை; ஆகவே பதிவு சரியானது. கதவைத் திறந்தவர் பேதுரு. முத்திரை பேதுருவின் வாரிசான பாப்பரசருடையது. தன் பூட்டைத் தானே திறப்பவன் அதை உடைத்தவன் ஆகமாட்டான். ஆகவே கஃபர்லோஸ் ஊரடுப்பு ஆலயத்துக்கும் சொந்தமில்லை, மடத்துக்கும் சொந்தமில்லை. நேரடியாகப் பாப்பரசரைச் சேர்ந்தது. புனிதர் தீ மூட்டச் சொன்னதால் அதில் தீ மூட்டுவதை யாரும் தடுக்கக்கூடாது, சிற்றாலயமும் கட்டக்கூடாது. அடுப்புக் கூலி என்று ஒருவரும் அங்கே ரொட்டி எடுக்கக்கூடாது. தக்லாவும் அவள் வழிவந்தவர்களும் அதை நடத்துவார்கள். அதற்கு அடையாளமாக ஆண்டுதோறும் புனித பேதுருவின் திருநாளுக்கு ஒரு ராத்தல் மெழுகு ரோமாபுரிக்கு அனுப்ப வேண்டும்.

பன்னிரண்டு அற்புத ரொட்டிகளில் ஆலயத்துக்கு ஆறு, மடத்துக்கு ஆறு. இதற்குள் அவை செங்கல்லாகியிருக்கும்.

ரெனோ சாமி எழுந்து, மேல்முறையீடு செய்வேன் என்றார்.

“தாராளமாக,” என்றார் மாஸ்டர் உபெர்த்தோ. “பாப்பரசருக்கு எதிராகப் பாப்பரசரிடம் முறையிட வேண்டும். நானே எழுதித் தருகிறேன்.”

ரெனோ சாமி உட்கார்ந்துவிட்டார். மாலையில் அவரும் ஒத்தோவும் தங்கள் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஒரே பாதையில் மலை இறங்கினார்கள். ஒருவர் பாதையின் வலது ஓரம், மற்றவர் இடது ஓரம்.

அந்தக் கனவு தீர்ப்புக்குள் எப்படி வந்தது என்று நான் ஆராயப் போவதில்லை. துபாஷி தண்ணீர்க் குழாய் மாதிரி. ஊற்றின் சுவைக்குக் குழாய் பொறுப்பல்ல.

ரயீஸ் அயூப் என் முதுகில் தட்டினார். “கழுதை சுமந்துடுச்சே,” என்றார்.

ஐலூல் 14, சிலுவைத் திருநாள்

விடியலில் தக்லா என்னை எழுப்பினாள்.

“எழுந்திரு. விறகு சும.”

“நானா?”

“மீனவன் கனவுல வந்து சொன்னாரு. அந்தப் பொய்க்காரன சுமக்க விடுன்னாரு.”

சுமந்தேன். ஊர்ப் பெண்கள் எல்லோரும் தட்டோடு வந்துவிட்டார்கள். பள்ளத்தில் முணுமுணுத்த அதே பெண்கள் இப்போது தக்லாவின் முக்காட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். பேதுரு எவ்வளவு உயரம், மூக்கு எப்படி, செருப்பு போட்டிருந்தாரா என்று கேட்கிறார்கள்.

“எல்லாம் என் தம்பிக்குத் தெரியும். அவனக் கேளுங்க,” என்கிறாள். நடுத்தர உயரம் என்று சொல்லி வைத்தேன்.

முதல் சூடு வெந்து வெளியே வந்தது. யாரும் கை நீட்டவில்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் காலியாக இருந்தன. தக்லா கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எல்லா ரொட்டிகளையும் கொண்டுவந்தவர்களுக்கே எடுத்துக் கொடுத்தாள்.

தூதர் கிளம்பும்போது ஊர் எல்லைவரை நான் வழிகாட்டிப் போனேன். அகலமாகக் கிளை விரித்திருந்த அத்திமரத்தடியில் அவர் கழுதையை நிறுத்தினார். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

“உன் அக்காளின் கனவில் புனித பேதுரு எந்த மொழியில் பேசினார்?” என்று கேட்டார்.

“அரபியில், ஐயா.”

“அவர் கலிலேயாக்காரர். அரபி தெரிந்திருக்காதே.”

நான் குனிந்து கழுதையின் சேணத்தை இறுக்கினேன்.

“பரவாயில்லை. நல்ல துபாஷி வாய்த்திருக்கிறான்.” அவர் திரும்பவும் துணியைச் சுற்றிக்கொண்டார். “தீருவில் எனக்கு இன்னும் வழக்குகள் இருக்கின்றன. ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு பொதுக் குளியல் கூடம். என்னோடு வேலைக்கு வா. நீ ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை, விடுவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.”

அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் சிரித்திருந்தால் நான் ஏதாவது சுருக்கென்று சொல்லியிருப்பேன். யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கோபம் வருகிறது. பசித்தவர்கள் ரொட்டி சுட்டார்கள் என்ற உண்மைக்கு இந்த நாட்டில் ஒரு நீதிமன்றத்திலும் இடமில்லை. வெண்தாடி வைத்தால்தான் உள்ளே விடுகிறார்கள். தாடியை யார் ஒட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

திஷ்ரீன் 2, பரங்கிகளுக்கு அக்டோபர்

நாளை தீருவுக்குக் கிளம்புகிறேன். மாஸ்டர் உபெர்த்தோவிடம் வேலைக்குப் போகிறேனா இல்லையா என்பதை அங்கே போய் முடிவு செய்வேன். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தக்லா வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். ஒரு மெழுகுக் கட்டியையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். தேனீ வளர்க்கிற வீட்டிலிருந்து வாங்கியதாம். ஒரு ராத்தலுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

“பேதுரு திருநாள் எப்ப வருது?”

“ஜூன் கடைசியில.”

“ரோமாபுரிக்குக் கப்பல்ல எவ்வளவு நாள்?”

“காத்தப் பொறுத்தது. ஒண்ணரை மாசம் ஆகலாம்.”

“கடுங்கோடை. கப்பல் அடித்தட்டு.” அவள் மெழுகை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலின் பள்ளம் அப்படியே நின்றது. “போய்ச் சேர்றப்ப இது பெட்டியோட அடியிலதான் இருக்கும்டா.”

“இருக்கும்.”

“அப்ப அங்க என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வை. திரும்பத் திரும்பக் கனவு காண எனக்கு நேரமில்ல.”